காத்து திரும்பினா பிளானும் திரும்பும்: கோர்சிகா கடலோரம் பாய்மரப் படகுல ஒரு வாரம்

(இது எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துட்டு, வாசிக்க வசதியா ஒழுங்குபடுத்தியிருக்கோம்.)

கோர்சிகா போயிட்டு வந்ததிலிருந்து நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்புறீங்க: "போனிஃபாச்சியோ போட்டோ எங்க?" பதில் சுலபம். போட்டோ இல்ல. நாங்க போனிஃபாச்சியோ போகவே இல்ல. அந்த ஊரைப் பார்க்கணும்னுதான் ஆறு பேர் சேர்ந்து காசு சேர்த்தோம், லீவு வாங்கினோம், ஷெங்கன் விசாவுக்கு அலைஞ்சோம். பாதி வழியிலயே படகைத் திருப்பிட்டு வந்துட்டோம். ஏன் திருப்பினோம்ங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். அதுக்குள்ள மத்தியதரைக் கடல் காத்து எப்படி வேலை செய்யுது, ஒரு கேப்டன் எப்படி முடிவெடுக்கிறாங்க, இதெல்லாம் வரும்.

கடல்ல நிக்கிற மலை

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன். கோர்சிகா பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு. நெப்போலியன் 1769-ல பிறந்தது இங்க இருக்கிற அஜாக்ஸியோலதான். வடக்கு தெற்கா சுமார் 180 கிலோமீட்டர் நீளம், அகலம் அதுல பாதிகூட இல்ல. ஆனா நடுவுல மோன்டே சின்டோங்கிற சிகரம் 2,706 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவைவிட உயரம். அதாவது இது கடலுக்குள்ள நிக்கிற ஒரு மலைத்தொடர். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மேற்குக் கரைதான் அழகு. வடமேற்குல கால்வி. அங்கிருந்து தெற்கே போனா ஸ்கான்டோலா, செந்நிறப் பாறை நேரா கடலுக்குள்ள இறங்குற இடம். 1983-லயே யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அதைத் தாண்டினா ஜிரோலாட்டாங்கிற சின்ன ஊர். அதுக்கு ரோடு கிடையாது. கடல் வழியா வரணும், இல்லன்னா மலையில நடந்து வரணும். இன்னும் தெற்கே அஜாக்ஸியோ. கடைசியா தென் முனையில போனிஃபாச்சியோ: வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மேல ஊர், பாறைக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிற துறைமுகம்.

எங்க படகு 12 மீட்டர் நீளம். ஆறு பேர், கூட ஒரு கேப்டன். கேப்டன் அந்தத் தீவுலயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மா, ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். நாங்க "கேப்டன்"னுதான் கூப்பிட்டோம். சனிக்கிழமை கால்வில ஏறணும், அடுத்த வெள்ளி சாயங்காலம் அதே கால்வில படகைத் திருப்பிக் கொடுக்கணும். எங்க பிளானைப் பார்த்ததுமே அவங்க சொன்ன முதல் வார்த்தை: "இதுல காத்துக்கு ஒரு நாள்கூட ஒதுக்கலையே."

எங்களுக்கு அப்போ அது புரியல. மேப்புல பார்த்தா பக்கமாதானே இருக்கு? ஆனா இந்த மாதிரி படகு சராசரியா 6 நாட் வேகத்துல போகும். ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக மணிக்கு 11 கிலோமீட்டர், சைக்கிளை நிதானமா மிதிச்சா போற வேகம். போனிஃபாச்சியோ போய்த் திரும்பணும்னா கிட்டத்தட்ட தினமும் படகு ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் நின்னாலும் கணக்கு உடையும்.

பேர் வச்ச காத்துகள்

நம்ம ஊர்ல தெற்கிலிருந்து வந்தா தென்றல், வடக்கிலிருந்து வந்தா வாடை, கிழக்குன்னா கொண்டல், மேற்குன்னா கோடைன்னு பேர் வச்சிருக்கோம்ல? மத்தியதரைக் கடல்லயும் அதே பழக்கம்தான். ஒவ்வொரு திசைக்கும் ஒரு பேர், ஒவ்வொரு பேருக்கும் ஒரு குணம்.

வடமேற்கிலிருந்து வர்றது மிஸ்ட்ரால். ஆல்ப்ஸ் மலைக்கும் பிரான்ஸோட நடு மேட்டு நிலத்துக்கும் இடையில ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கு இருக்கு. குளிர்ந்த காத்து அந்த இடுக்கு வழியா வேகம் பிடிச்சு கடல்ல இறங்கும். ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல இருக்கிற சந்துல காத்து பிச்சுக்கிட்டு போகும்ல, அதோட பெரிய வடிவம். இதுல ஏமாற்றுற விஷயம் என்னன்னா, மிஸ்ட்ரால் அடிக்கும்போது பெரும்பாலும் வானம் நீலமா, பளிச்சுன்னு இருக்கும். மேகத்தைப் பார்த்து புயலைக் கண்டுபிடிக்கிற நம்ம பழக்கம் இங்க செல்லாது.

தென்கிழக்கிலிருந்து வர்றது சிரோக்கோ. சஹாராவிலிருந்து கிளம்பி வரும், சில சமயம் பாலைவனத் தூசியையும் சேர்த்து எடுத்துட்டு வரும். தென்மேற்கிலிருந்து வர்றது லிபெச்சோ. எங்க கதையில வில்லன் இதுதான்.

இது தவிர கோடைக்காலத்துல தினமும் மத்தியானம் வர்ற கடல் காத்து. இது சென்னைக்காரங்களுக்குச் சொல்லியே தெரிய வேண்டாம். வெயில்ல நிலம் சூடாகும், நிலத்து மேல காத்து ஏறும், அந்த இடத்தை நிரப்ப கடலிலிருந்து காத்து உள்ள வரும். கோர்சிகாவுலயும் அதேதான். அதனாலதான் காலையில கடல் கண்ணாடி மாதிரி இருந்துட்டு, சாப்பிட்டு எழுந்திரிச்சா அலை தூக்கிப் போடும்.

சரி, காத்து ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுது? இத்தாலியோட ஜெனோவா பக்கத்துக் கடல்ல அடிக்கடி காற்றழுத்தத் தாழ்வு உருவாகும். அது நகர்ந்து போகும்போது, கோர்சிகாவுக்கு முதல்ல தென்மேற்குக் காத்து வரும். அதைத் தொடர்ந்து குளிர் காத்து எல்லை கடந்து போனதும், சில மணி நேரத்துல காத்து வடமேற்குக்குத் திரும்பிடும். அதாவது ராத்திரி லிபெச்சோ, மறுநாள் மிஸ்ட்ரால் பக்கத்துக் காத்து. இன்னைக்கு உங்களுக்கு மறைவா இருக்கிற குடா, நாளைக்குக் காத்துக்கு நேரா வாயைத் திறந்து நிக்கும். இதுதான் மொத்த பயணத்தோட முடிச்சு.

வானிலை அறிக்கையில எழுதாத பாதி

ஆப்ல "காத்து 25 நாட்"னு போட்டிருந்தா நம்ம என்ன நினைப்போம்? அதிகபட்சம் 25-னு நினைப்போம். தப்பு. அது பத்து நிமிஷ சராசரி. நடுவுல வர்ற வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம்னு பிரான்ஸோட வானிலைத் துறையே கடல் அறிக்கையில சொல்லுது. ஆக 25-ங்கிறது 35 ஆகலாம். அலையும் அப்படித்தான். அறிக்கையில 2 மீட்டர்னு இருந்தா, நடுநடுவுல 4 மீட்டர் அலை ஒண்ணு வரலாம்.

இன்னொரு கணக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா, பாய் மேல அது தள்ளுற விசை ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 15 நாட்ல குஷியா இருந்த அதே படகு, 30 நாட்ல வேற மிருகம். அதனாலதான் காத்து ஏறுறதுக்கு முன்னாடியே பாயைச் சுருக்கிக் கட்டுவாங்க. இதுக்கு ரீஃப் போடுறதுன்னு பேர். கேப்டன் சொன்ன விதி: "ரீஃப் போடலாமான்னு மனசுல தோணுச்சுன்னா, போட வேண்டிய நேரம் அதுதான்." காத்து ஏறினப்புறம் அதே வேலையை ஆடுற மேல்தளத்துல, படபடன்னு அடிக்கிற பாயோட சண்டை போட்டு செய்யணும்.

அப்புறம் நான் சொன்ன அந்த மலை. கம்ப்யூட்டர் மாடல்ல உலகத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சு கணக்குப் போடுவாங்க. கட்டம் பெருசா இருந்தா ஒரு முழு மலையும் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்துக்குள்ள கரைஞ்சு போயிடும். ஆனா நிஜத்துல காத்து மலைமேல ஏறி மறுபக்கம் வீச்சு வீச்சா விழும், முனையைச் சுத்தி வளையும்போது வேகம் பிடிக்கும். அதனால கேப்டன் ஒரு மாடலை மட்டும் நம்பமாட்டாங்க. உலக அளவு மாடல் ரெண்டு, பிரான்ஸோட நுணுக்கமான அரோம் மாடல் ஒண்ணுன்னு மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. மூணும் ஒத்துப்போனா நம்பிக்கை. மூணும் மூணு விதமா சொன்னா, மோசமானதை எடுத்துக்கிட்டு பிளான் போடுவாங்க.

ஜிரோலாட்டா காலை

ஞாயிற்றுக்கிழமை கால்வில இருந்து ஜிரோலாட்டா வந்தோம், சுமார் 20 கடல் மைல். தண்ணி அவ்வளவு தெளிவு, படகோட நிழல் கீழ மணல்ல விழுது. கடற்கரையில மாடு படுத்திருக்கு. இதுதான்டா வாழ்க்கைன்னு இருந்துச்சு.

திங்கள் காலை எட்டு மணிக்கு கேப்டன் எங்களை உட்கார வச்சு லேப்டாப்பைத் திருப்பினாங்க. செவ்வாய் ராத்திரி லிபெச்சோ, பியூஃபோர்ட் அளவுல 7. அதாவது சராசரியே 28-லிருந்து 33 நாட். புதன்கிழமை வடமேற்குக்குத் திரும்பி, ரெண்டு நாள் அடிக்கும். மூணு மாடலும் ஒத்துப்போகுது.

"நாம கால்விக்குத் திரும்புறோம். இன்னைக்கே."

எங்க கூட்டத்துல ஒரு நண்பன். மொத்த ட்ரிப்பையும் ஏற்பாடு பண்ணது அவன்தான். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவனுக்கு இப்படி லீவு கிடைக்கும். அவன் கையை நீட்டி வானத்தைக் காட்டினான். ஒரு மேகம் இல்ல. "இவ்வளவு வெயில் அடிக்குது. இப்போ கிளம்பினா சாயங்காலம் அஜாக்ஸியோ போயிடலாம். புயல் வர்றதுக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கு. எதுக்குத் திரும்பணும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதேதான் மனசுல. கேப்டன் கோபப்படல, ஒவ்வொண்ணா சொன்னாங்க.

முதல்ல, இங்கயே இருக்க முடியாது. ஜிரோலாட்டா குடா வடக்குக் காத்துக்கு நல்ல மறைவு, ஆனா தென்மேற்கு பக்கம் திறந்திருக்கு. லிபெச்சோ வந்தா அலை நேரா உள்ள வரும்.

ரெண்டாவது, அஜாக்ஸியோ போகலாம், துறைமுகத்துக்குள்ள பத்திரமாவும் இருக்கலாம். ஆனா அதுக்கப்புறம்? புதன், வியாழன் வடமேற்குக் காத்து. கால்வி அங்கிருந்து வடக்கே. பாய்மரப் படகால காத்துக்கு நேர் எதிர்ல போக முடியாது, வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். எதிர்ல பெரிய அலை, ஒரு பக்கம் பாறைக்கரை, அந்தக் கரையை நோக்கியே தள்ளுற காத்து.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். நம்ம உள்ளுணர்வு என்ன சொல்லும்? ஆபத்துன்னா கரைக்குப் போன்னு சொல்லும். கடல்ல சில நேரம் அது தலைகீழ். காத்து கரையை நோக்கி அடிக்கும்போது கரைதான் ஆபத்து. என்ஜின் நின்னாலோ, பாய் கிழிஞ்சாலோ, படகு எங்க போய் முட்டும்னு யோசிச்சுப் பாருங்க. நடுக்கடல்ல அலை மட்டும்தான். கரையோரத்துல அலையோட பாறையும் இருக்கு.

மூணாவது, போனிஃபாச்சியோ. கோர்சிகாவுக்கும் சார்டினியாவுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஜலசந்தி, குறுகலான இடத்துல பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். ரெண்டு பக்கமும் மலை. திரும்பவும் அதே சந்து கணக்கு: வெளியில அடிக்கிற மேற்குக் காத்து உள்ள வந்ததும் இன்னும் வேகமாகும். 1855 பிப்ரவரியில கிரிமியா போருக்குப் படைவீரர்களை ஏத்திட்டுப் போன செமியான்ட்ங்கிற பிரெஞ்சுப் போர்க்கப்பல், இந்த ஜலசந்தியில லவேட்ஸி தீவுப் பாறையில மோதி உடைஞ்சுது. கப்பல்ல ஏறக்குறைய 700 பேர். ஒருத்தர்கூட பிழைக்கல. அந்தத் தீவுல அவங்களோட கல்லறை இன்னும் இருக்கு.

கடைசியா அவங்க சொன்னது: "அஜாக்ஸியோ போறது தப்பில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பியே ஆகணும்ங்கிறதுதான் தப்பு. அந்தத் தேதி இல்லன்னா நான் உங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

நண்பன் எழுந்து முன்பக்கம் போய் உட்கார்ந்துட்டான். கால்வி வர்ற வரைக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. வழியெல்லாம் இதமான காத்து, பட்டப்பகல் வெயில். அதுதான் எல்லாத்தையும்விட கடுப்பா இருந்துச்சு.

செவ்வாய் ராத்திரி

கால்வில மரினா உள்ளே கட்டினோம். மத்தியதரைக் கடல்ல ஏற்ற இறக்கம் சில பத்து சென்டிமீட்டர்தான், அதனால படகோட பின்பக்கத்தைக் கரையோட நெருக்கமா கட்டி, முன்பக்கத்தைத் தண்ணிக்கு அடியில வர்ற கயிறோட இழுத்துக் கட்டுவாங்க. செவ்வாய் மத்தியானம் முழுக்க வேலை. கயிறுகளை இரட்டையாக்கினோம், ரப்பர் மிதவைகளை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டோம், வெயில் மறைப்புத் துணி, காயப்போட்ட துணின்னு மேல இருந்த எல்லாத்தையும் உள்ளே எடுத்து வச்சோம்.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் மலையிலிருந்து இறங்குச்சு. கால்விக்கு லிபெச்சோ கடல் வழியா வராது, பின்னாடி இருக்கிற மலையைத் தாண்டி விழும். அதனால துறைமுகத் தண்ணியில பெரிய அலையே இல்ல, ஆனா வீச்சு மட்டும் யாரோ கதவை எட்டி உதைச்ச மாதிரி. ஒரு நிமிஷம் அமைதி, அடுத்த நொடி படகு சாய்ஞ்சு கயிறு கிறீச்சிடுது. பாய்மரத்துக் கம்பிகள் எல்லாம் ஊளையிடுது. காத்து மீட்டர்ல நான் பார்த்த அதிகபட்சம் 44 நாட். கணக்குப் போட்டுப் பாருங்க: சராசரி 31, அதோட 40 சதவீதம்.

மூணு மணிக்கு பக்கத்துப் படகோட கயிறு ஒண்ணு தளர்ந்து, அது எங்க மேல சாய ஆரம்பிச்சுது. நண்பனும் நானும் மிதவையை நடுவுல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். கேப்டன் அந்தப் படகுக்குத் தாவி கயிறை இறுக்கிட்டு வந்தாங்க. கட்டிப்போட்ட படகுலயே இந்தப் பாடு. அவன் ஒண்ணும் சொல்லல. ஆனா மறுநாள் காலையில காபியோட அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்து, "அந்த மூணு மாடலையும் எப்படிப் பார்க்கறதுன்னு காட்டுங்க"ன்னு கேட்டான்.

முன்கூட்டியே சொல்லாத புயலும் உண்டு

எங்களுக்கு வந்தது ஒன்றரை நாள் முன்னாடியே சொல்லிட்டு வந்த காத்து. எல்லாமே அப்படி வராது. இதை மறைச்சா நான் பாதி உண்மைதான் சொன்ன மாதிரி.

2022 ஆகஸ்ட் 18 காலையில இதே மேற்குக் கரையை ஒரு இடிமழைத் தொகுதி தாக்குச்சு. மரின்யானாங்கிற ஊர்ல காத்து மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டுச்சு. கோர்சிகாவுல மட்டும் 5 பேர் இறந்தாங்க, கேம்ப்சைட்ல மரம் விழுந்தும், கடல்லயும். நிறைய படகுகள் நங்கூரம் பிடுங்கி கரையில போய் விழுந்துச்சு. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தப்போ புயல் ஏற்கெனவே வாசல்ல நின்னுச்சு. மாடல்கள் அதோட வேகத்தைப் பிடிக்கல. அந்தக் கோடையில கடல் இயல்பைவிட பல டிகிரி சூடா இருந்துச்சு. சூடான கடல்னா மேல ஈரமும் ஆற்றலும் அதிகம், இடிமேகத்துக்கு அது தீனி. 2024 ஆகஸ்ட் 19-ல சிசிலியோட போர்டிசெல்லோ பக்கம் நங்கூரம் போட்டிருந்த பேசியன்ங்கிற 56 மீட்டர் பாய்மரக் கப்பல் விடியற்காலைப் புயல்ல மூழ்கினதும் செய்தியில பார்த்திருப்பீங்க. 22 பேர்ல 7 பேர் போயிட்டாங்க.

அப்போ என்னதான் பண்றது? கேப்டன் சொன்னது, வழக்கமா செய்ற சின்ன விஷயங்கள்தான் அன்னைக்குக் காப்பாத்தும். நங்கூரச் சங்கிலியை ஆழத்தைப்போல நாலஞ்சு மடங்கு விடணும், அப்போதான் இழுப்பு படுக்கை வாட்டத்துல இருக்கும், நங்கூரம் மணலைக் கவ்வும். பொசிடோனியாங்கிற கடல்புல் மேல போடக்கூடாது. அது பாதுகாக்கப்பட்ட தாவரம், நூற்றாண்டுக் கணக்குல வளர்ந்த படுகை. அதோட நங்கூரமும் அதுல சரியா பிடிக்காது. தூங்கறதுக்கு முன்னாடி ஜன்னல், மேல்மூடி எல்லாம் அடைக்கணும். இடிமேகம் இருக்கலாம்னு அறிக்கை சொன்னா, திறந்த குடாவுல ராத்திரி தங்காம துறைமுகத்துக்குள்ள போயிடணும்.

நீங்க கேட்டவை

லைசென்ஸ் வேணுமா? பிரான்ஸ்ல பாய்மரப் படகுக்கு அரசாங்க லைசென்ஸ் கட்டாயம் இல்ல. ஆனா வாடகைக்குக் கொடுக்கிறவங்க உங்க அனுபவத்தைக் கேட்பாங்க. அனுபவம் இல்லன்னா கேப்டனோட எடுங்க. இந்த எபிசோட் கேட்டதுக்கப்புறம் அதுல காசு மிச்சம் பிடிக்கத் தோணாதுன்னு நினைக்கிறேன்.

வாந்தி? வரும். மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு, கிளம்புறதுக்கு முன்னாடியே போடுங்க, வந்தப்புறம் போட்டா பயனில்ல. கீழ் அறைக்குள்ள போகாம மேல உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்க. சுக்கான் பிடிக்கக் கொடுத்தாங்கன்னா பிடிங்க, நிறைய பேருக்கு அதுலயே சரியாகிடும்.

எந்த மாசம்? ஜூனும் செப்டம்பரும் கூட்டம் குறைவு. நாங்க போனது செப்டம்பர். இலையுதிர் காலம் நெருங்க நெருங்க காற்றழுத்தத் தாழ்வுகள் அடிக்கடி வர ஆரம்பிக்கும்ங்கிறதை மட்டும் மறக்காதீங்க.

புக் பண்ணும்போது என்ன கேட்கணும்? ஒண்ணே ஒண்ணு: "காத்து சரியில்லன்னா படகை வேற துறைமுகத்துல விட முடியுமா, அதுக்கு எவ்வளவு?" நாங்க இதைக் கேட்கல. பிளான் போடும்போது ஏழு நாளுக்கு அஞ்சு நாள் தூரம் மட்டும் வையுங்க. மிச்ச ரெண்டு நாள் காத்தோடது.

புதன், வியாழன் ரெண்டு நாளும் கால்வி கோட்டைச் சுவர் மேல உட்கார்ந்து வெள்ளை வெள்ளையா நுரைச்சுக்கிட்டு வர்ற கடலைப் பார்த்துக்கிட்டிருந்தோம். அந்த நேரத்துல அஜாக்ஸியோவிலிருந்து கிளம்பியிருந்தா நாங்க எங்க இருந்திருப்போம்னு யாரும் வாய்விட்டுச் சொல்லல. வெள்ளிக்கிழமை காத்து தணிஞ்சுது. காலையில பக்கத்துல இருக்கிற லில் ரூஸ் வரைக்கும் போய், அந்தச் செம்பாறைக்குக் கீழ நீந்திட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படகை ஒப்படைச்சோம்.

அடுத்த தடவைக்கு நண்பன் இப்பவே பிளான் எழுத ஆரம்பிச்சுட்டான். இந்த தடவை அஜாக்ஸியோவுல ஏறுறோம், பத்து நாள். அதுல மூணு நாளுக்கு நேரா எதுவும் எழுதாம காலியா விட்டிருக்கான். போனிஃபாச்சியோ போட்டோ கிடைச்சா அப்போ போடுறேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.